மூன்றாம் நாள் தட்டு

கார்த்திகை அடைமழை ஓய்ந்த மறுவாரம் நல்லகண்ணுவை ஒரு லோடு ஆட்டோவில் படுக்கவைத்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். பரளச்சிக்குத் தெற்கே ஒரு கிராமம். ஐம்பத்திரண்டு வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்து, இருமி இருமி, ஆள் பாதியாகியிருந்தார். கூட வந்த மனைவி ஜக்கம்மாள் அவருடைய தலையை மடியை விட்டு இறக்கவே இல்லை.

பந்தல்குடி சாலையில் இருக்கும் அந்த இருபது படுக்கை மருத்துவமனையில் தங்கலட்சுமி லேப் டெக்னீசியன். ஒன்பது வருடமாகக் காரியாபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறாள். ரத்தம் எடுக்க அவள் போனபோது நல்லகண்ணுவின் பாதங்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. குதிகாலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வெடிப்புக்குள் கரிசல் மண் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"கண்மா நெறஞ்சு நாலு வருசமாச்சு தாயி," என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "இந்த வருசம்தான் நெல்லு போட எறங்குனேன். பத்து நாளு சேத்துத் தொளிக்குள்ளயே கெடந்தேன்."

"பேசாதீங்கய்யா. கைய நீட்டுங்க."

ரத்தத்தைக் கல்ச்சர் பாட்டிலில் விட்டு இன்குபேட்டர் சூட்டில் வைத்தாள். ரத்தத்தில் கிருமி இருந்தால் அந்தச் சூட்டில் பெருகும். பாட்டில் கலங்கினால் அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, ஆட்டு ரத்தம் கலந்த அகார் தட்டில் இழுத்து வைப்பார்கள். மறுநாள் அந்தத் தட்டில் கிருமிகள் குருணை குருணையாக முளைத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் இன்ன கிருமி, இன்ன மருந்து கேட்கும் என்று சொல்ல முடியும்.

பாட்டில் மூன்றாம் நாள் கலங்கியது. தட்டில் போட்டாள். மறுநாள் காலையில் பொடிப்பொடியாகச் சாம்பல் நிறக் குருணைகள். மூடியைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனாள். அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். சில கிருமிகளுக்கு என்று ஒரு வாசனை உண்டு. இதற்குப் புழுதியில் தூறல் விழுந்த வாசனை இருந்தது. சிலைடில் பார்த்தாள். சிவப்புச் சாயம் ஏறிய சின்னச் சின்னக் குச்சிகள். குழாய்த் தண்ணீரிலும் ஈரமான தரையிலும் சும்மா கிடக்கிற ஒரு வகைக் கிருமியைப் போலிருந்தது. தோலில் மண் ஒட்டிய ஆள். ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஏறியிருக்கும் என்று நினைத்தாள்.

"வெளியிலிருந்து கலந்த கிருமியாக இருக்கலாம்," என்று ரிப்போர்ட்டில் எழுதினாள்.

இன்குபேட்டர் சின்னது. பதினெட்டுத் தட்டுக்கு மேல் அடுக்க முடியாது. ரெண்டு நாளுக்கு மேல் எந்தத் தட்டையும் வைக்கக் கூடாது என்பது மேனேஜர் முனீஸ்வரனின் உத்தரவு. அன்று மாலையே நல்லகண்ணுவின் தட்டு கழிவு வாளிக்குப் போனது. கிருமிகளை நீராவியில் வேகவைத்துக் கொல்லும் ஆட்டோகிளேவின் மூடி ரப்பர் கிழிந்து ஒரு வாரமாக ரிப்பேர். அதனால் வாளியில் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். மறுநாள் துப்புரவு வேலை பார்க்கும் நூர் பீவி கையால் அலசிக் கொட்டினாள்.

டாக்டர் முகமது ஆசிக் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கத் திட்டுத் திட்டாக இருந்தது. "காசநோயாவும் இருக்கலாம், சளியையும் பாக்கணும்," என்று ஜக்கம்மாளிடம் சொன்னார். பார்ப்பதற்கு நேரமில்லை. ரெண்டு நாளில் நல்லகண்ணுவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்சில் மதுரைக்கு ஏற்றினார்கள். காரியாபட்டி தாண்டும்போதே உயிர் போய்விட்டது.

தங்கலட்சுமிக்கு மறுநாள்தான் தெரியும். "பாவம்" என்றாள். அடுத்த பாட்டிலை எடுத்தாள். ஆஸ்பத்திரி வேலையில் அதற்கு மேல் நின்று யோசிக்க முடிவதில்லை.

மார்கழி முடியும் தறுவாயில் தவசி வந்து சேர்ந்தார். டிராக்டர் ஓட்டுபவர், நாற்பத்தைந்து வயது. பன்னிரண்டு நாள் காய்ச்சல். சர்க்கரை நானூற்று இருபது. ஸ்கேன் எடுத்தபோது மண்ணீரலில் சின்னச் சின்னதாகச் சீழ்க்கட்டிகள் தெரிந்தன. போகிப் பண்டிகையன்று காலையில் அவருடைய ரத்தப் பாட்டில் கலங்கியிருந்தது. தங்கலட்சுமி அவசரமாகத் தட்டில் இழுத்து இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் லேப் லீவு. அவசரத்துக்கு சர்க்கரை மட்டும் நர்சுகள் பார்த்துக்கொள்வார்கள்.

காணும் பொங்கலன்று காலையில் திரும்பி வந்து இன்குபேட்டரைத் திறந்தாள். மூன்று நாளாகியிருந்த தட்டு அவள் பழகிய எந்தத் தட்டைப் போலவும் இல்லை. குருணைகள் பருத்து, ஈரம் வற்றி, மேலெல்லாம் சுருக்கம் சுருக்கமாகியிருந்தன. வெயிலில் கிடந்த சுண்டைக்காய் வற்றலைப் போல. மூடியைக் கொஞ்சம் நகர்த்தியதுமே வாசனை வந்தது. புழுதியில் விழுந்த தூறல்.

மூடியை அழுத்தி மூடினாள். பிளாஸ்திரியை எடுத்துத் தட்டைச் சுற்றி ஒட்டினாள்.

ரெண்டு வருடத்துக்கு முன்னால் மதுரையில் ஒருநாள் பயிற்சி வகுப்பு நடந்தது. அங்கே திரையில் ஒரு படம் போட்டார்கள். இந்தச் சுருக்கம்தான். அலமாரியைக் குடைந்து அந்த வகுப்பில் எழுதிய நோட்டை எடுத்தாள். 'மெலியாய்டோசிஸ். வயல் சேற்றில் வாழும் கிருமி. வெடிப்பு, காயம் வழியாக உள்ளே போகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து. காசநோய் என்று ஏமாற்றும். சிலைடில் குச்சியின் இரு முனையும் சாயம் ஏறி நடு வெளுத்து ஊக்கு மாதிரி தெரியும். தட்டை மோந்து பார்க்கக் கூடாது.' கடைசி வரியின் கீழ் அவளே ரெண்டு கோடு போட்டிருந்தாள்.

முகக்கவசத்தையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு, ஜன்னலையும் ஃபேனையும் அடைத்துவிட்டு ஒரு சிலைடு போட்டாள். மைக்ரோஸ்கோப்பில் ஊக்குகள் தெரிந்தன. மருந்து வில்லைகள் மூன்றை வைத்து இன்னொரு தட்டும் போட்டாள். இந்தக் கிருமி என்றால் முதல் ரெண்டு மருந்துக்கும் அசையாது, மூன்றாவதுக்கு மட்டும் ஒதுங்கும். முடிவு தெரிய மறுநாள் ஆகும். அதுவரை காத்திருக்கத் தவசியால் முடியாது.

டாக்டர் ஆசிக்கின் அறைக்கு ஓடினாள்.

அவர் முழுதும் கேட்டார். எழுந்து நின்றே மருந்துச் சீட்டை மாற்றி எழுதி நர்சைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பிறகு உட்கார்ந்தார்.

"இதுவரைக்கும் போட்ட ஊசி இதுக்குக் கேட்டிருக்காது. ரத்தத்துல வெள்ளை அணு இருக்குல்ல, அது கிருமியப் பிடிச்சு முழுங்கிடும். மத்த கிருமி அதோட செத்துப்போகும். இது முழுங்கின எடத்துலயே குடியேறிடும். உள்ள இருந்துக்கிட்டே பெருகி, பக்கத்து அணுவுக்குள்ள துளைச்சுக்கிட்டுப் போகும். வெளியில வந்தாத்தான மருந்து பிடிக்கும்? சர்க்கரைக்காரங்களுக்கு அந்த வெள்ளை அணுவுக்கும் தெம்பு கிடையாது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இங்க இதுக்கு முன்னாடி யாருக்கும் வந்ததில்லையே?"

இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். அந்தத் தட்டு இப்போது உலகத்தில் இல்லை. ரிஜிஸ்டரில் ஒரு வரி மட்டும் இருந்தது. அதை யாரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை.

"வந்துருக்கு சார்," என்றாள். "டிசம்பர்ல. நல்லகண்ணுன்னு ஒருத்தர். நான்தான் கலப்புக் கிருமின்னு எழுதிக் குடுத்தேன். அதே வாசனை சார். நான் ரெண்டாம் நாளே தூக்கிப் போட்டுட்டேன்."

ஆசிக் பேனாவைக் கீழே வைத்தார். "நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றார். "ரத்தத்துல வளர்ந்திருக்கு, ஆள் சாகக் கிடக்குறாரு, எப்படிக் கலப்புன்னு சொல்றீங்கன்னு கேட்டிருக்கணும். கேக்கலை."

தவசியைப் பார்க்கப் போனபோது இன்னொன்றும் தெரிந்தது. எந்த வயலில் சேற்றுழவு ஓட்டினீர்கள் என்று ஆசிக் கேட்டார்.

"எங்க மச்சான் வயல்லதான் சார்," என்றார் தவசி, கண்ணைத் திறக்காமல். "எங்கக்கா ஜக்கம்மா வீட்டுக்காரரு. அவரு போன மாசம் இதே காச்சல்லதான் போயிட்டாரு. காசம்னு சொன்னாக."



மத்தியானம் முனீஸ்வரன் லேபுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். யாருடைய வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக நிற்பார். இப்போது முகம் வெளிறியிருந்தது. அந்தத் தட்டை மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"லட்சுமி, சத்தமில்லாம முடிச்சுருவோம். ஒரு டிபன் கேரியர்ல வச்சு இறுக்கி மூடி, மடியில வச்சுக்கிட்டுப் பஸ்ஸுல ஏறுங்க. ஒண்ணேகால் மணி நேரம். அங்க தெரிஞ்ச ஆளு இருந்தா கையில குடுத்துட்டு வந்துருங்க. ரிஜிஸ்டர்ல ஒண்ணும் எழுத வேணாம்."

"பஸ்ஸுலயா சார்?"

"ஏன், எத்தன தடவ ரத்தம் கொண்டு போயிருக்கீக?"

"இது அதில்ல சார். சடன் பிரேக் போட்டுக் கீழ விழுந்து ஒடஞ்சா பக்கத்துல பிள்ளைய வச்சுக்கிட்டு உக்காந்துருக்கவகளுக்கு நான் என்ன சொல்றது? இது ஆபத்தான கிருமின்னு தனியாவே பட்டியல் போட்டு வச்சுருக்காக. எத்தன தட்டு இருக்கு, யாரு கையில இருக்கு, எங்க போகுது, எல்லாம் எழுத்துல இருக்கணும்."

"எழுதுனா அதிகாரி வருவாக. லேபப் பூட்டுவாக. இங்க இருவத்தாறு பேரு வேல பாக்குறோம். கைநாட்டு வைக்கிற ஆயாவுல இருந்து நீங்க வரைக்கும்."

"தெரியும் சார். நான் கொண்டு போக மாட்டேன்."

அவர் அதட்டவில்லை. மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அதட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இருந்த தட்டுகள் ரெண்டு, ஒரு பாட்டில், ஒரு சிலைடு. ஒவ்வொன்றையும் ரிஜிஸ்டரில் எழுதி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் தனி டப்பாவில் வைத்துப் பூட்டி, சாவியை டாக்டரிடம் கொடுத்தாள். வில்லை வைத்த தட்டு மட்டும் இன்குபேட்டருக்குள் இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது நூர் பீவி வேலை மேசையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்காரி. பதினைந்து வருடமாக அங்கே கழுவித் துடைக்கிற வேலை. அவளுக்கும் சர்க்கரை உண்டு. கையுறை போட்டால் வழுக்குகிறது என்று போட மாட்டாள்.

"அக்கா, அதை விடுங்க! தொடாதீங்க!"

நூர் பீவி நிமிர்ந்தாள். தங்கலட்சுமி சொன்னதை எல்லாம் நின்ற இடத்திலேயே கேட்டாள். ஈரத் துணி கையிலேயே இருந்தது. பிறகு அதைச் சிவப்பு வாளிக்குள் போட்டாள்.

"டிசம்பர்ல நான் கையால அலசுனேனே, அதுவும் இதான?"

"ஆமாக்கா. அப்ப எனக்கே தெரியாது."

"தெரியாதப்ப நீ எப்படிச் சொல்லுவ? அதச் சொல்லல. காலையில தெரிஞ்சிருச்சுல்ல? டாக்டருக்குச் சொன்ன. மேனேஜருக்குச் சொன்ன. நான் மத்தியானம் வரைக்கும் இந்த மேசையத் தொடச்சுக்கிட்டு நிக்கிறேன். என் கையப் பாத்தியா லட்சுமி? பூராம் வெடிப்பு." குரல் உயரவில்லை. "எனக்குத்தானம்மா மொதல்ல சொல்லிருக்கணும்."

தங்கலட்சுமி குழாயைத் திறந்து சோப்பை எடுத்துக் கொடுத்தாள். தட்டைப் பூட்டினாள், பஸ்ஸுக்கு மாட்டேன் என்றாள், எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். நூர் பீவி அவள் நினைப்பிலேயே வரவில்லை.

மறுநாள் வில்லைத் தட்டைப் பார்த்தாள். முதல் ரெண்டு வில்லைகளையும் ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது. மூன்றாவதைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம். ஆசிக் மதுரைக்கு போன் செய்தார். பதினோரு மணிக்கு மதுரை ஆய்வகத்திலிருந்து டாக்டர் அனுசியா ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே மாவட்டச் சுகாதாரத் துறையின் ஆள் ஒருவர்.

அனுசியா அதிகம் பேசவில்லை. கொண்டுவந்த பெட்டிக்குள் ஒரு டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு சுற்றிய ஒரு குழாய் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தது. தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குழாயில் அடைத்து, மூன்று முறை மூடி, பெட்டியின் மேல் ஆபத்து அடையாளம் ஒட்டினார். மூன்று பிரதிகளில் கையெழுத்து வாங்கினார். மிச்சத் தட்டுகளை ரிஜிஸ்டரோடு ஒத்துப்பார்த்து, புது ரப்பர் போட்ட ஆட்டோகிளேவில் தன் கண் முன்னாலேயே வேகவைக்கச் சொன்னார்.

"மூடியைத் திறந்து மோந்து பார்த்தீங்களா?"

"டிசம்பர்ல பாத்தேன் மேடம். நேத்து மோந்து பாக்கல, ஆனா தெறந்தப்ப வாசனை வந்துச்சு."

"இன்னொரு தடவை அந்தப் பழக்கம் வேண்டாம். வாசனை வருதுன்னா மூச்சுல ஏதோ உள்ள போகுதுன்னுதான் அர்த்தம்." தங்கலட்சுமிக்கும் நூர் பீவிக்கும் இருபத்தொரு நாளைக்கு மாத்திரை எழுதினார். காலையும் மாலையும் சூடு பார்த்து எழுதி வைக்கவேண்டும். காய்ச்சல் என்று ஒருநாள் வந்தாலும் உடனே சொல்லவேண்டும்.

கிருமி காற்றில் பரவாமல் உள்ளே கையை விட்டு வேலை செய்யும் பாதுகாப்புக் கூண்டு ஒன்று வாங்கி வைக்கும்வரை அங்கே கல்ச்சர் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவாயிற்று. முனீஸ்வரன் பயந்ததைப் போல லேபை முழுதாகப் பூட்டவில்லை.

கிளம்பும் முன் தங்கலட்சுமி கேட்டாள். "மேடம், நல்லகண்ணு பேரையும் எழுதிக்கிறீங்களா? முதல்ல வந்தது அவருக்குத்தான்."

அனுசியா தாளைப் புரட்டினார். "தட்டு இருக்கா? ரத்தம் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப உறுதின்னு எழுத முடியாது. கிருமி கையில இல்லாம நாங்க பேர் வைக்கிறதில்ல. சந்தேகம்னு ஒரு குறிப்புப் போடுறேன். அவ்வளவுதான் முடியும்." எழுதிவிட்டு நிமிர்ந்தார். "அவர் வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அந்த ஊருக்கு எங்க ஆளுங்க போய் எல்லார்கிட்டயும் பேசுவாங்க. சேத்துல செருப்பில்லாம எறங்காதீங்க, காய்ச்சல்னா உடனே வாங்கன்னு சொல்லுவாங்க. ஆனா நல்லகண்ணு விஷயத்தை அவங்க சொல்ல மாட்டாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கலட்சுமி பரளச்சி பஸ்ஸில் ஏறினாள். யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. இறங்கி விசாரித்தபோது ஜக்கம்மாள் மிளகாய்க் காட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். கண்மாய்க்கரையைத் தாண்டி நடந்தாள். நெல் வயல்கள் அறுவடைக்கு நின்றன. ஒரு வயல் மட்டும் களை மண்டிக் கிடந்தது. கேட்காமலே யாருடையது என்று தெரிந்தது.

ஜக்கம்மாள் தனியாகப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். பத்துப் பாத்தி தள்ளி நாலைந்து பெண்கள் சேர்ந்து பறித்தார்கள். தங்கலட்சுமியை அடையாளம் தெரிந்தது.

"ரத்தம் எடுத்த பிள்ளதான நீயி? எந்தம்பிக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்ல, அவருக்குக் காச்சல் எறங்கிருச்சு. நேத்து எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சாரு. நான் வேற ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

வரப்பில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. பாட்டில் கலங்கியது, தட்டில் வளர்ந்தது, தான் கலப்பு என்று எழுதியது, ரெண்டாம் நாளே தூக்கிப் போட்டது. ஜக்கம்மாள் கையிலிருந்த மிளகாயைக் கூடையில் போடவும் இல்லை, கீழே விடவும் இல்லை.

"அப்ப அவுகளுக்குக் காசம் இல்ல?"

"இல்லங்க. இதே கிருமியாத்தான் இருக்கணும்."

"நீ சரியா எழுதிருந்தா பொழச்சிருப்பாகளா?"

பஸ்ஸில் வரும்போது இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில்களைத் தேடியிருந்தாள்.

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ரொம்ப முத்திப் போயித்தான் வந்தாரு. சரியான மருந்து போட்டிருந்தாலும் நெறையப் பேரு பொழைக்கிறதில்ல. ஆனா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அது என்னாலதான் போச்சு."

ஜக்கம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தம் வரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. தங்கலட்சுமி ஒரு அடி முன்னால் வைத்தபோது, முகத்தை மூடியபடியே கையை நீட்டி வேண்டாம் என்று தடுத்தாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இத ஒரு தாள்ல எழுதிக் குடுப்பியா? காசம் இல்லன்னு?"

"கேட்டேங்க. தட்டு இல்லாததால எழுதித் தர மாட்டேன்னுட்டாக."

"அந்தா பாரு." தள்ளிப் பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் காட்டினாள். "என் நாத்தனாரும் அங்கதான் இருக்கு. அவுக செத்த மறுநாள்ல இருந்து எம்பக்கத்துல யாரும் வரல. என் வீட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல. மகளப் பொண்ணு பாக்க வந்தவக பாதியிலயே திரும்பிப் போயிட்டாக. காசக்கார வீடாம். கூடப் படுத்தவளுக்கு ஒட்டாம இருக்குமான்னு எங் காதுபடச் சொல்றாக." மூச்சை இழுத்தாள். "தாள் இல்லைனா வாயி இருக்குல்ல? எங்கிட்டச் சொன்னத அங்க வந்து சொல்லு. பூராத்தையும் சொல்லு."

தங்கலட்சுமி அவள் பின்னால் நடந்தாள். ஜக்கம்மாள் அந்தப் பெண்களை நிறுத்தினாள். ஊர்ப்பக்கம் ஆளனுப்பி, நல்லகண்ணுவின் தம்பி காளிராஜையும் வரச் சொன்னாள். அவன் வந்து சேரும்வரை எல்லோரும் வெயிலில் நின்றார்கள்.

தங்கலட்சுமி சொன்னாள். இந்தக் கிருமி சேற்றில் இருந்து வருவது என்றும், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அனேகமாக ஒட்டாது என்றும், ஜக்கம்மாள் வீட்டில் தண்ணீர் குடிப்பதால் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னாள். நல்லகண்ணுவுக்கு இருந்தது இதுதான் என்று எப்படித் தெரியும் என ஒருத்தி கேட்டாள். அப்போது மற்றதையும் சொல்லவேண்டியிருந்தது. தான் பார்த்ததையும், தவறாக எழுதியதையும்.

"ஏலே, கேட்டியால இத?" என்று கூட வந்தவனைப் பார்த்துக் கத்தினான் காளிராஜ். "எங்கண்ணனக் கொன்னுபுட்டு வந்து கத சொல்றா! ஒன்ன யாரு ஆஸ்பத்திரியில உக்கார வச்சது? போலீசுக்குப் போறேன் பாரு." கையை ஓங்கிக்கொண்டு ரெண்டு எட்டு வைத்தான்.

ஜக்கம்மாள் குறுக்கே வந்தாள். "நான்தான் சொல்லச் சொன்னேன். கேக்கத்தான் கூப்புட்டேன், அடிக்க இல்ல. போலீசுக்குப் போகணும்னா போ, நான் தடுக்கல." தங்கலட்சுமியின் பக்கம் திரும்பினாள். முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை. "ரெண்டர மணிக்குப் பஸ்ஸு இருக்கு. நட."

கரையேறும்போது பின்னால் காளிராஜின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்தாள். டிக்கெட் எடுத்தாள். அழுகை திருச்சுழி தாண்டித்தான் வந்தது.

காளிராஜ் போலீசுக்குப் போகவில்லை. மருத்துவமனைக்கு வந்து ஒரு நாள் முழுக்கச் சத்தம் போட்டான். ஆசிக் அவனை உட்காரவைத்துத் தன் பக்கத் தவறையும் சொன்னார். எழுத்தில் புகார் கொடுக்கும் வழியையும் சொன்னார். அவன் புகார் கொடுத்தான். விசாரணை நடந்தது. தங்கலட்சுமிக்கும் ஆசிக்குக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி ரத்தத்தில் வளரும் எந்தக் கிருமியையும் மருத்துவரோடு பேசாமல் கலப்பு என்று எழுதக் கூடாது, தட்டுகளை ஐந்து நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்று அதில் இருந்தது. முனீஸ்வரன் பெரிய இன்குபேட்டர் ஒன்றும் பாதுகாப்புக் கூண்டும் வாங்க அலைந்தார். பங்குனியில்தான் ரெண்டும் வந்தன.

நூர் பீவி இருபத்தொரு நாளும் மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாள். காய்ச்சல் வரவில்லை. கையுறை போட்டுக்கொள்கிறாள். தங்கலட்சுமியோடு முன்பு போலப் பேச அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. காலையில் வேலைக்கு வந்ததும் எந்தெந்தத் தட்டில் என்ன வளர்ந்திருக்கிறது என்று நூர் பீவியிடம் சொல்லிவிட்டுத்தான் தங்கலட்சுமி இப்போது மேசையில் உட்காருகிறாள்.

தவசி நாலு வாரம் ஊசியில் இருந்து, ஆறு மாதம் மாத்திரை தின்று, ஆடி மாதக் கடைசியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தார். பழைய உடம்பு திரும்பவில்லை. ஆனாலும் டிராக்டரில் ஏறிவிட்டார். காலில் முழங்கால்வரை கறுப்பு ரப்பர் பூட்ஸு.

"அக்கா மக கல்யாணம் முடிவாயிருச்சு," என்றார், கையை நீட்டியபடி. "ஆவணியில. பந்தல்குடி மாப்ள."

"சந்தோசங்க." ஊசியைப் போட்டாள். பிறகு கேட்டாள். "அக்கா நல்லா இருக்காகளா?"

"இருக்காக. இந்த வருசம் நெல்லு போடல, வயலக் குத்தகைக்கு விட்டுட்டாக." அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டார். "ஒங்களப் பத்தி ஒண்ணும் பேசறதில்ல."

தங்கலட்சுமி தலையசைத்தாள். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பாட்டிலின் மேல் தவசியின் பெயரையும் வயதையும் ஊரையும் நிறுத்தி எழுதி, நேரத்தைப் பார்த்து அதையும் எழுதினாள்.